ஒன்பதாம் மாடியில் விண்வெளி நிலையம்

இரண்டு மணி நேரம் பதினான்கு நிமிடம் சிட்டு லிஃப்டுக்குள் இருந்தாள். அதற்குப் பிறகு இருபத்தொன்பது நாள் வீட்டுக்குள் இருந்தாள்.

லிஃப்ட் நின்றது ஒரு சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு பத்துக்கு, ஆறாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில். சிட்டுவுக்கு ஒன்பது வயது. கீழே விளையாடுவதற்காக ஒன்பதாம் மாடியில் தனியாக ஏறியிருந்தாள். அம்மா பேக்கரியில் இருந்தாள். காவலாளி தண்ணீர் மோட்டார் அறையில் இருந்தார். அந்த மோட்டார் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. படியில் இறங்கிப் போன இரண்டு பேர் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். யாரோ சுவரில் ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்தார்களாம். லிஃப்ட் நின்றுவிட்டால் உள்ளே பேட்டரியில் அவசர விளக்கு ஒரு மணி நேரம் எரியும். மிச்ச நேரம் இருட்டு.

நான்கு மணிக்கு மேல் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்த காவலாளிதான் சத்தத்தைக் கேட்டு லிஃப்ட் மெக்கானிக்குக்கு போன் செய்தார். பத்து நிமிடத்தில் மெக்கானிக் வந்தார். நான்கு இருபத்து நான்குக்குக் கதவைத் திறந்தார். உள்ளே மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவருடைய மகள்.

அந்தத் தெருவில் ஆறு கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பு. அவர் குடியிருக்கும் கட்டடமும் அதில் ஒன்று. காலையில் பை நிறைய பழந்துணியும் ஒரு டப்பா மண்ணெண்ணெயும் ஸ்பேனர்களும் எடுத்துக்கொண்டு இறங்குவார். லிஃப்டின் கூரை மேல் நின்றுகொண்டு அங்குலம் அங்குலமாக மேலே போவார். இரண்டு பக்கத்து இரும்புத் தண்டவாளத்தையும் துடைப்பார், புது எண்ணெய் தடவுவார். கதவு ஓடும் பள்ளத்தில் விழுந்து கிடப்பதைச் சின்ன கொக்கியால் நோண்டி எடுப்பார். பொத்தான், பேனா மூடி, பல், திராட்சை விதை. ஒரு கட்டடத்தையே நிறுத்த ஒரு திராட்சை விதை போதும் என்று அவர் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

முன்பெல்லாம் லிஃப்டின் அபாய மணி கட்டடத்துக்குள்ளேயே அடித்துக்கொண்டிருந்தது. காது வலிக்கிறது என்று குடியிருப்பவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வருடமாக வேறு ஏற்பாடு. உள்ளே இருக்கும் மஞ்சள் பொத்தானை மூன்று நொடி அழுத்திப் பிடித்தால் மெக்கானிக்கின் போனுக்கு நேராக அழைப்பு போகும். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டாகிவிட்டது. போகிறபோது ஓர் அழுத்து, வருகிறபோது ஓர் அழுத்து. எடுத்து ஹலோ என்றால் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

அந்தச் சனிக்கிழமை அழைப்பு வரவில்லை என்று அவர் சொன்னார். மறுநாள் காலையில் மனைவியையும் காவலாளியையும் கூட்டிக்கொண்டு போய், பொத்தான் பலகையைக் கழற்றி, பின்னால் ஒரு ஒயர் விட்டுத் தொங்குவதை டார்ச் அடித்துக் காட்டினார். காவலாளி உச்சுக்கொட்டினார். மனைவி அந்த ஒயரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, இத்தனூண்டு ஒயர், என்று மட்டும் சொன்னாள்.

சிட்டு அழவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள். திங்கட்கிழமை சீருடை போட்டு, பை மாட்டி, வாசல்படி வரைக்கும் வந்தாள். அங்கிருந்து நகரவில்லை. லிஃப்ட் வேண்டாம், படியிலேயே போகலாம், நான் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று அப்பா சொன்னார். நூற்று அறுபத்திரண்டு படி, நம் வீட்டு மெத்தையையே இரண்டு பேர் தூக்கி வந்தோம், நீ என்ன கனம் என்றார். அவள் உள்ளே போய்ப் பையைக் கழற்றி வைத்தாள். அடுத்த நாளும் அப்படித்தான்.

வீட்டுக்குள் சில புதுப் பழக்கங்கள் வந்தன. எந்தக் கதவும் சாத்தக் கூடாது. ஒவ்வொரு கதவின் அடியிலும் ஒரு செருப்பைச் செருகி வைத்தாள். குளியலறைக்கு அப்பாவின் பழைய பூட்ஸ். வேலைக்குக் கிளம்பும்போது வீட்டில் எல்லோரும் ஒற்றைச் செருப்போடு நின்று இன்னொன்றைத் தேடினார்கள். எந்த ஸ்விட்சையும் இரண்டு தடவை அழுத்தினாள். டிவி ரிமோட்டை இரண்டு தடவை அழுத்தியதால் டிவி போட்டதும் அணைந்தது. அதற்கு அவள் ஆச்சரியப்படவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலது கட்டைவிரலை மேஜை விளிம்பில் அழுத்திக்கொண்டு உதட்டை அசைத்து எதையோ எண்ணினாள். நகத்தடி வெளுத்துப் போகும்வரை அழுத்தினாள். நரம்புத் தளர்ச்சியாக இருக்குமோ என்று அம்மா பயந்தாள். எதிர் வீட்டு அக்கா, விட்டால் தானாகச் சரியாகும் என்றாள்.

இருபத்தோராம் நாள் வகுப்பு டீச்சர் போன் செய்தார். இன்னும் ஒன்பது நாளில், திங்கட்கிழமை வருடப் பரீட்சை தொடங்குகிறது, எழுதாவிட்டால் இதே வகுப்பில் இன்னொரு வருடம், தன் கையில் எதுவும் இல்லை என்றார். அன்றைக்கு மாலை சிட்டு தானாக வந்து, துண்டு துண்டாக மாட்டிக் கட்டுகிற பிளாக்ஸ் செட் ஒன்று வேண்டும் என்று கேட்டாள். சம்பவத்துக்குப் பிறகு அவள் வாய் திறந்து கேட்ட முதல் பொருள். எது வேண்டும், வீடா காரா என்று அம்மா கேட்டாள்.

"எதுல ரொம்ப துண்டு இருக்கோ அது," என்றாள் சிட்டு.

இருபத்து மூன்றாம் நாள் அப்பாவும் அம்மாவும் கடைக்குப் போனார்கள். எதிர் வீட்டு அக்கா சிட்டுவுக்குத் துணையாக உட்கார்ந்தாள். பேக்கரியில் மாவு பிசையும் இயந்திரத்தில் காலை நான்கு மணியிலிருந்து நின்றுவிட்டு அம்மா அப்படியே வந்திருந்தாள். காதுக்குப் பின்னால் மாவு காய்ந்திருந்தது. அவர் வேலைச் சட்டையில்தான் வந்தார். போன் மேல்பாக்கெட்டில், சத்தம் முழுசாகத் திறந்து வைத்திருந்தது. இப்போதெல்லாம் அவர் அப்படித்தான். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் போன். குளிக்கும்போது சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் போன்.

கடைக்காரப் பெண் என்ன வயசு, பையனா பொண்ணா என்று கேட்டாள்.

"ஏம்மா, பொண்ணுன்னா துண்டு மாறுமா?" என்றாள் மனைவி.

அந்தப் பெண் சிரித்துவிட்டு அலமாரியின் மேல் தட்டைக் காட்டினாள். எல்லாம் வேற்றுக்கிரக சமாசாரம். ஆறு கால் வண்டி, ரோபோ, இரண்டு தலை உள்ள ஏதோ ஒன்று. கடைசியில் ஏணி போட்டு ஏறி, ஒரு பெரிய பெட்டியை இறக்கினாள். விண்வெளி நிலையம். ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கு துண்டு. மூன்று கூடம், ஒரு கண்ணாடிக் கூண்டு, நடுவில் மேலும் கீழும் போகிற சரக்கு லிஃப்ட்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தார். படித்தார் என்றால் மேலிருந்து கீழாக, எழுத்து எழுத்தாக, பராமரிப்புச் சீட்டு படிக்கிற மாதிரி.

"இந்த லிஃப்ட் எப்படி ஓடுது?" என்று கேட்டார்.

"கைப்பிடி இருக்கு சார். சுத்தினா நூல்ல மேல ஏறும்."

"எதிர் எடை?"

"என்ன சார்?"

"ஒண்ணு மேல போனா ஒண்ணு கீழ வரணுமில்ல. நூல் அறுந்தா?"

"வேற நூல் கட்டிக்கலாம் சார்."

அவர் பெட்டியை இன்னொரு முறை திருப்பினார். சரக்கு லிஃப்டின் கதவைக் காட்டி, இது உள்ளேயிருந்து திறக்குமா என்று கேட்டார். கடைக்காரப் பெண் மனைவியைப் பார்த்தாள். உள்ளே யார் சார் இருக்கப் போறாங்க என்றாள். மனைவி அவர் முழங்கையைப் பிடித்து இழுத்து, போட்டுக் கொடும்மா, இவர் விட்டால் சர்ட்டிஃபிகேட் எழுதிக் கொடுத்துட்டுத்தான் வாங்குவார் என்றாள்.

பஸ்ஸில் பெட்டி இருவர் மடியிலுமாக இருந்தது. மழை தூற ஆரம்பித்திருந்தது. மனைவி கண்ணை மூடிக்கொண்டே, இதை மேலே கொண்டு போகக் கூடாது என்றாள். கீழே காவலாளி கூண்டில் இருக்கட்டும். வேண்டுமானால் அவள் இறங்கி வந்து எடுத்துக்கொள்ளட்டும். ஒரு தடவை வாசல் தாண்டிவிட்டால் போதும்.

"எலிக்கு வைக்கிற மாதிரியா?" என்றார் அவர்.

"உங்களுக்கு வேற வழி தெரிஞ்சா சொல்லுங்க. இருபத்து மூணு நாளா நீங்க ஒரு வழியும் சொல்லல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நிறுத்தம் தள்ளி அவள் தலை பெட்டியின் மேல் சாய்ந்தது. ராக்கெட் படத்தின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கினாள்.

பெட்டி காவலாளி கூண்டில், அவருடைய மடக்குக் கட்டிலுக்கு அடியில் இருந்தது. சிட்டுவிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவள் ஜன்னலுக்குப் போய், கம்பியில் நெற்றியை வைத்துக் கீழே பார்த்தாள். ஒன்பது மாடிக்குக் கீழே கூண்டின் தகரக் கூரை தெரிந்தது. காவலாளி வெளியே வந்து, வாயில் கையைக் குவித்து, சிட்டு, உன் ராக்கெட்டு என் கட்டிலைத் தூக்கிட்டுப் பறந்துடும் போல இருக்கு, சீக்கிரம் வா என்று கத்தினார்.

சிட்டு அம்மாவிடம் திரும்பி, "நான் இன்னும் ரெடியாகல," என்றாள். போய் மேஜை முன்னால் உட்கார்ந்து விரலை விளிம்பில் வைத்தாள்.

செவ்வாயும் புதனும் மழை. லிஃப்ட் குழிகளில் தண்ணீர் இறங்கியது. அவர் குழிக்குள் இறங்கி வாளி வாளியாக மொண்டு வெளியே கொடுத்தார். ஈரத்தில் கதவின் மின்தொடர்புகள் சரியாகப் பேசவில்லை. மூடிய கதவைத் திறந்திருக்கிறது என்று சொல்லி லிஃப்ட் அங்கங்கே நின்றது. அன்றைக்குச் சிட்டுவின் லிஃப்ட் நின்றதும் அதனால்தான். இரண்டு நாளில் பதினோரு தடவை மஞ்சள் பொத்தான் அழைப்பு வந்தது. நான்கு உண்மை, ஏழு விளையாட்டு. பதினொன்றுக்கும் அவர் ஓடினார். போனிலேயே சிரிப்புச் சத்தம் கேட்ட பிறகும் ஓடிப்போய், கதவைத் திறந்து, உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

புதன் இரவுச் சாப்பாட்டில் ரொட்டியும் அவித்த முட்டையும் உருளைக்கிழங்கும். அவர் முட்டையை உடைக்கும் முன் போன் அடித்தது. எழுந்தார். பசங்க விளையாடுறாங்கன்னு தெரியுதில்ல, உட்கார்ந்து சாப்பிடுங்க என்றாள் மனைவி. தெரியாது என்று சொல்லிவிட்டு அவர் ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டு ஓடினார். சிட்டு அவருடைய முட்டையை உடைத்து, உரித்து, தட்டில் வைத்து, மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்தாள். பிறகு யோசித்து, கிண்ணத்துக்கு அடியில் ஒரு கரண்டியைச் செருகி, கொஞ்சம் திறந்து வைத்தாள்.

கீழே காவலாளி அவரைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணே இப்பல்லாம் முதல் ரிங்குலயே எடுத்துடுறீங்க. புதுசா கல்யாணமானவன் கூட இப்படி எடுக்க மாட்டான்."

அவர் சிரிக்கவில்லை. திரும்பும்போது படியில் ஏறினார். இதையும் காவலாளி கவனித்து வைத்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக் படியேறிப் போகிறார், டாக்டர் தன் மருந்தைத் தான் சாப்பிட மாட்டார் போல என்று கட்டடம் முழுக்கச் சொல்லியிருந்தார்.

வியாழன் மதியம் மனைவி வீடு திரும்பியபோது, கூடத்தின் நடுவில் பெட்டி திறந்து கிடந்தது. அவர் தோளில் வைத்து நூற்று அறுபத்திரண்டு படி ஏறிக் கொண்டு வந்திருந்தார். சட்டை முதுகு நனைந்திருந்தது. மனைவி வாசலிலேயே நின்றாள். இப்படிச் செய்வீர்கள் என்று தெரியும் என்றாள். அவள் குரல் உயரவில்லை. நான் ஒருத்தி கெட்டவளாக இருந்துவிட்டுப் போகிறேன், நீங்கள் தூக்கிக் கொஞ்சுங்கள், திங்கட்கிழமை பரீட்சைக்கு யார் போகிறார்கள் என்று பார்ப்போம் என்றாள்.

அவர், "அவளா இறங்கி வரணும்னு நாம வச்சது தப்பு," என்றார்.

"எது தப்பு? அவ தப்பா, என் தப்பா?"

"உங்க ரெண்டு பேர் தப்பும் இல்ல."

மனைவி முகம் கழுவப் போனாள். குளியலறைக் கதவைச் சாத்தப் போய், பூட்ஸ் இடித்து, பூட்ஸை ஓர் உதை விட்டாள். பிறகு தானே எடுத்துப் பழைய இடத்தில் செருகினாள்.

துண்டுகள் பதினொரு பையில், எண் போட்டு இருந்தன. கூடவே ஒரு தடித்த புத்தகம். அதில் வார்த்தையே இல்லை. எல்லாம் படம், அம்புக்குறி, எண். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. ஒயரிங் படம் போலவே இருக்கிறது, எவனோ ஒரு மெக்கானிக்தான் போட்டிருக்கிறான் என்றார். கோபம் தணிந்தோ தணியாமலோ மனைவி பேக்கரியில் கழித்துப் போட்ட ரொட்டித் தகரங்கள் ஆறேழை எடுத்துக் கொடுத்தாள். சாம்பல் நிறம் ஒன்றில், வெள்ளை ஒன்றில், ஒற்றைப் புள்ளித் துண்டுகள் தனியாக. தகரத்தில் கொட்டும்போது ஆலங்கட்டி மழை போலச் சத்தம் வந்தது. எவ்வளவு தட்டினாலும் தகரத்தின் மூலையிலிருந்து ரொட்டித் தூள் வந்துகொண்டே இருந்தது. நிலையத்தின் முதல் கூடத்தில் சில துண்டுகளின் இடுக்கில் அது இன்னும் இருக்கும்.

வேலைப் பங்கீட்டைச் சிட்டுதான் வைத்தாள். அப்பா படத்தைப் பார்த்துத் துண்டைத் தேடி எடுத்து நீட்ட வேண்டும். அவள் வைத்து அழுத்துவாள். கட்டைவிரலால் மட்டும். ஒவ்வொன்றும் டக்கென்று உட்காரும் வரைக்கும். உட்கார்ந்த பிறகும் மூன்று எண்ணும் வரை எடுக்க மாட்டாள்.

ஒரு தடவை அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அவர் இரண்டு துண்டை வைத்து அழுத்திவிட்டார். வந்து பார்த்தவள் நகத்தை விட்டு நெம்பி இரண்டையும் பிடுங்கினாள்.

"இதை நான்தான் அழுத்தணும்பா. எல்லாத்தையும்."

"ரெண்டே ரெண்டு துண்டுதானே?"

"கணக்குல குறையும்."

பொம்மைக்குக் கூட இவ்வளவு சொந்தம் கொண்டாடுறாளே என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து. அவள் குரலில் சிரிப்பு இருந்தது. ஒரு மாதத்தில் அந்தக் குரல் வீட்டில் கேட்டது அதுதான் முதல் தடவை.

வெள்ளியும் சனியும் அப்படியே போயின. மழை விட்டு விட்டுப் பெய்தது. ஜன்னலைத் திறக்க முடியாமல் வீட்டுக்குள் ரொட்டி வாடையும் ஈரத்துணி வாடையும் அடைந்து கிடந்தன. அவர் வேலைக்குப் போய்விட்டு மூன்று மணிக்கு வந்து தரையில் உட்கார்ந்தார். நடுவில் போன் அடித்தால் ஓடினார், வந்தார், விட்ட துண்டை எடுத்தார். சனிக்கிழமை சரக்கு லிஃப்ட் வந்தது. தினமும் இரும்புக் கயிற்றை மாட்டுகிறவர், அரிசி மணி அளவு உருளையில் நூல் மாட்டத் தெரியாமல் மூன்று தடவை விட்டார். அந்த லிஃப்டுக்குள் பொருத்த ஒரு சின்ன வெள்ளைத் துண்டு இருந்தது. அதில் பொத்தான்கள் அச்சடித்திருந்தன. நடுப்பொத்தான் மஞ்சள். அதை அவர் தகரத்திலிருந்து எடுத்தார். நீட்டாமல் கையிலேயே வைத்திருந்தார். சிட்டு கையை நீட்டிக் காத்திருந்தாள்.

"அப்பா. துண்டு."

கொடுத்தார். அவள் வழக்கம்போல அழுத்தி, மூன்று எண்ணிவிட்டு எடுத்தாள். அடுத்ததுக்குக் கை நீட்டினாள்.

அன்றைக்குச் சாப்பிட்டபின் அவர் மாடிப்படியில் போய் உட்கார்ந்திருந்தார். மனைவி தேடிக்கொண்டு வந்தாள். இரண்டு படி மேலே உட்கார்ந்தாள். குழந்தை முகம் தெளிந்திருக்கிறது, நீங்கள் மேலே கொண்டு வந்ததுதான் சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன் என்றாள். அவர் தலையைக் குனிந்தபடி, நீ என்னிடம் அப்படிச் சொல்லாதே என்றார். ஏன் சொல்லக் கூடாது, சரியென்றால் சரி என்றுதான் சொல்லுவேன் என்று அவர் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு அவள் எழுந்து போனாள். விடிந்தால் ஞாயிறு, பேக்கரிக்கு அன்றுதான் விடுமுறை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மழை நின்றது. ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். இருபத்தொன்பதாம் நாள். மூன்று கூடமும் கூண்டும் லிஃப்டும் சேர்ந்து நிலையம் மேஜை அகலத்துக்கு நின்றது. ஒரு தகரத்தில் ஒற்றைத் துண்டு மிச்சம் இருந்தது, உச்சியில் வைக்கிற சிவப்பு விளக்கு. அவர் எடுத்துக் கொடுத்தார். சிட்டு வைத்தாள், அழுத்தினாள், எண்ணினாள்.

"ஆயிரத்து இருநூத்துப் பதினாலு," என்றாள். எழுந்து நின்று கையை உதறிக்கொண்டாள். "நாளைக்கு ஸ்கூலுக்குப் போறேன்."

மனைவி அடுப்படியில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியோடு அப்படியே கூடத்துக்கு வந்தாள்.

"என்னடி சொன்னே?"

"நாளைக்குப் பரீட்சை இல்ல? போறேன். லிஃப்ட்லயே போறேன்."

மனைவி கத்தியைக் கீழே வைக்க இடம் தேடினாள். நிலையத்தைச் சுற்றி மேஜையில் இடம் இல்லை. நாற்காலியில் வைத்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அப்படிச் சொல்லுடி என் தங்கம், பயம் போயிடுச்சா என்றாள்.

"பயமா? எனக்கு பயம் இல்லையே. விரல்ல பலம் இல்ல, அதான்." வலது கட்டைவிரலை அம்மாவுக்கு நேரே நீட்டினாள். நுனி தடித்து, மஞ்சளாக, சின்ன காய்ப்புக் காய்த்திருந்தது. "இதைத் தொட்டுப் பாரு. மேஜையில அழுத்தி அழுத்திப் பார்த்தேன், அதுல வரல. இதுல ஒவ்வொண்ணும் டக்குன்னு சொன்னாத்தான் சரியா அழுத்தினதா அர்த்தம். ஆயிரத்து இருநூறு தடவை அழுத்தினா வந்துடும்னு கணக்குப் போட்டேன்."

"எதுக்குடி விரல்ல பலம்?"

"மஞ்சள் பொத்தானுக்கு. அன்னைக்கு நான் சரியா அழுத்தல."

"லூசு, அதுல ஒயர் கழண்டு கிடந்துச்சு. நான் என் கண்ணால பார்த்தேன். அப்பா காட்டினாரு."

சிட்டு பெரியவர்களிடம் பொறுமையாக இருப்பவளைப் போலத் தலையை ஆட்டினாள். "அது நான் அழக் கூடாதுன்னு அப்பா சொன்னதும்மா. அழுத்தினேன், சிவப்பு லைட் எரிஞ்சுது. பொத்தானைச் சுத்தி வட்டமா எரியும். கொஞ்ச நேரத்துல அணைஞ்சிடுச்சு. மறுபடி அழுத்தினேன், எரிஞ்சுது, அணைஞ்சிடுச்சு. நாலு தடவை. நான் கையை எடுக்கவே இல்ல, ஆனா விரல் தளர்ந்திருக்கும். அப்புறம் உள்ளே விளக்கும் அணைஞ்சிடுச்சு, எவ்வளவு அழுத்தினாலும் எரியவே இல்ல."

மனைவிக்கு விளக்கு விவரம் எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது நாளைக்குக் காலையில் குழந்தை வாசல் தாண்டப் போகிறாள் என்பது மட்டும். அவள் கணவனைப் பார்த்தாள். அவர் தரையில், காலித் தகரங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். மனைவி அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரிக் கண்ணைக் காட்டினாள்.

"ஆமாண்டி, இப்ப நல்ல பலம் வந்திருக்கும். அப்பாகிட்ட காட்டு. என்னங்க, பலம் வந்துடுச்சுன்னு சொல்லுங்க."

சிட்டு போய் அவர் முன்னால் உட்கார்ந்தாள். அவருடைய உள்ளங்கையைப் பிரித்து, நடுவில் கட்டைவிரலை வைத்து, தோளிலிருந்து சாய்ந்து அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் உதடு அசைந்தது. அவர் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினால் போதும். நாளைக்குக் காலையில் மூன்று பேரும் கீழே இறங்கலாம்.

"போதுமாப்பா?"

மேல்பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துத் தரையில் வைத்தார்.

"ஒயர் கழண்டிருந்தா லைட் எரியாது," என்றார்.

"அதான் நானும் சொல்றேன்," என்றாள் சிட்டு.

"அன்னைக்கு அது கழண்டிருக்கல. நான்தான் மறுநாள் காலையில போய்க் கழட்டி விட்டேன்."

மனைவி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். வெயில் வந்து நிலையத்தின் கண்ணாடிக் கூண்டில் விழுந்திருந்தது. கீழே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடுகிற சத்தம்.

"ஏன்?" என்றாள் மனைவி. உடனே வேறு மாதிரிக் கேட்டாள். "லைட் எரிஞ்சா என்ன அர்த்தம்?"

"என் போன்ல மணி அடிக்குதுன்னு அர்த்தம்."

"அணைஞ்சா?"

கேட்டது மனைவி. அவர் சிட்டுவைப் பார்த்துச் சொன்னார். அவள் விரல் இன்னும் அவருடைய கைக்குள்தான் இருந்தது.

"நீ சரியாத்தாம்மா அழுத்தினே. பக்கத்துக் கட்டடத்துல லிஃப்ட் மேல நின்னுட்டிருந்தேன். பசங்க விளையாடுறாங்கன்னு நெனைச்சு, நாலு தடவையும் நான்தான் கட் பண்ணேன்."